சாணி, சக்கை, மட்டை: நம் ஒன்றியத்தின் உயிரி எரிசக்தியை நாமே கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

கரூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,900 சதுர கிலோமீட்டர். மொரீஷியஸ் என்ற நாடு முழுவதும் சேர்த்தாலே 2,040தான். ஜனத்தொகையும் கிட்டத்தட்ட கரூர் அளவே. அவர்களுடைய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்துகூட இருக்கிறது. இரண்டு இடத்திலும் கரும்பு விளைகிறது. அங்கே கரும்புச் சக்கை கொதிகலனுக்குப் போய், தீவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தருகிறது. இங்கே காகிதபுரத்துக் காகித ஆலையில் அதே சக்கை காகிதமாகிறது. எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். அவரவர் கணக்கு அவரவருக்கு.

சாணி, சக்கை, மட்டை போன்ற கழிவிலிருந்து எவ்வளவு எரிசக்தி கிடைக்கும் என்ற அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. ‘மாவட்டத்தில் இத்தனை மெகாவாட் வாய்ப்பு’ என்று மேடையில் சொல்லும்போது, அது எந்த மாட்டுக் கட்டுத்தறியிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஊராட்சி உறுப்பினர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவர், கோழிப்பண்ணைக்காரர், கல்லூரி மாணவர் என யார் வேண்டுமானாலும் இரண்டு மாதத்தில் தங்கள் ஊராட்சி ஒன்றியத்துக்கு இதைச் செய்துவிடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேர் இருந்தோம். டென்மார்க்கில் சுமார் 60 லட்சம் பேர்தான். அவர்கள் தங்கள் குழாய் எரிவாயுவில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பண்ணைக் கழிவிலிருந்து எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். சின்ன நாடுகள் செய்வதைக் கொங்கு நாடு செய்ய முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதல் படி: எல்லை போடுங்கள்

தீவுக்குக் கடலே எல்லை. டீசல் கப்பலில் வந்து இறங்கும்போது அதன் விலை எல்லோர் கண்ணிலும் படும். நமக்கு அப்படி இல்லை. எல்லையை நாம்தான் போட வேண்டும். ஒரு ஊராட்சி சிறியது, மாவட்டம் பெரியது. ஒன்றியம் சரியாக இருக்கும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேங்காய் மட்டை ஏற்றிய லாரியைப் பார்த்திருப்பீர்கள், வானளாவ நிற்கும். எடை போட்டால் லாரி தாங்குவதில் பாதிகூட இருக்காது. காற்றுக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். 25, 30 கிலோமீட்டருக்கு மேல் போனால் பெரும்பாலான கழிவுகளுக்கு வண்டி வாடகை சரக்கு விலையையே தின்றுவிடும்.

இரண்டாம் படி: எண்ணுங்கள், எடை போடுங்கள்

மாடு எத்தனை என்பதற்குக் கால்நடை மருந்தகத்தில் கணக்கு இருக்கும். 2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு ஒரு நல்ல தொடக்கம். எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறது. பால் சொசைட்டியில் எந்த வீட்டில் இன்றைக்குக் கறவை இருக்கிறது என்பதே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமான கணக்கு.

ஆனால் காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். ஒரு தராசை எடுத்துக்கொண்டு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கட்டுத்தறிக்குப் போங்கள். பால் கறந்து முடிந்து சாணி அள்ளும் நேரம் அது. அள்ளிய கூடையை அப்படியே எடை போடுங்கள். ஒரே வீட்டில் மூன்று நாள், மொத்தம் பத்து வீடு. நன்றாகத் தீனி தின்னும் கலப்பினக் கறவை ஒன்று நாளைக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். மேய்ச்சலில் விழுவது, மூத்திரத்தில் கரைவது போக, கூடைக்கு வருவது 10 கிலோதான் என்று தெரியவரும். காங்கேயம் மாட்டுக்கு இன்னும் குறையும். புத்தகத்து 15க்கும் கூடையின் 10க்கும் இருக்கும் இடைவெளியிலேயே பல திட்டங்கள் விழுந்திருக்கின்றன.

கோழிப்பண்ணைக்கும் இதே முறைதான். முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் எச்சம் போடும். ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணையில் நாளைக்கு 10 டன். ஆனால் கூண்டுக்குக் கீழே மாதக்கணக்கில் குவிந்து காய்ந்த எச்சத்தில் வாயு பாதி போயிருக்கும். அதனால் பண்ணையில் கேட்க வேண்டியது எத்தனை கோழி என்பதை மட்டுமல்ல, எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளுகிறீர்கள் என்பதையும்தான்.

மூன்றாம் படி: கழியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் படியைப் படியுங்கள். கழிவு என்று நாம் நினைப்பதற்கு ஊரில் ஏற்கனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியவர் ஒருவரிடம், “சோளத்தட்டு அறுத்தபிறகு மிச்சமாகுதுங்களா?” என்று கேட்டேன். அவர் தட்டை அடுக்கி வைத்திருந்த போரைக் காட்டினார். “மிச்சமா? இது ஆனி ஆடி வரைக்கும் பத்தணும் சாமி. பத்தலைன்னா மாட்டை வித்துப்போட்டு உக்காரணும்.” அந்த ஊர்க் கணக்கில் சோளத்தட்டு என்ற வரிசையில் பூஜ்யம் போட்டேன். அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே போங்கள். பொள்ளாச்சியில் தேங்காய் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டை. ஆனால் மட்டை நார் ஆலைக்குப் போகிறது, நார் எடுத்த பின் மிஞ்சும் தூளும் கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. காங்கேயம் களங்களில் கொப்பரை எடுத்தபின் கிடைக்கும் தொட்டி (கொட்டாங்குச்சி) கரிச் சூளைக்குப் போய், அங்கிருந்து கிளர்வூட்டிய கரியாக (ஆக்டிவேட்டட் கார்பன்) வெளிநாடு போகிறது. மிஞ்சுவது காய்ந்த தென்னை ஓலை மட்டை, பன்னாடை, பாளை. வாடல் நோயால் ஆனைமலைப் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்துவிட்டு ‘மரம் நிறைய இருக்கிறது’ என்று ஆலை போடக் கூடாது. அது ஒருமுறை வரும் சரக்கு. ஆலைக்கோ 20 வருடம் தீனி வேண்டும்.

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகளில், மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. ஆனால் மாவு கழுவிய தண்ணீர் இருக்கிறதே, அதற்கு விலை கிடையாது, நாற்றம்தான் உண்டு. மூடிய தொட்டியில் விட்டால் அதே தண்ணீர் நல்ல எரிவாயு தரும். பல ஆலைகள் ஏற்கனவே அப்படிச் செய்கின்றன. எனக்குத் தெரிந்து கொங்கு நாட்டில் யார் வாயிலிருந்தும் பிடுங்காமல் கிடைக்கும் எரிசக்தி இதுதான். காகிதபுரம் காகித ஆலையும் சக்கை கழுவிய நீரிலிருந்து எரிவாயு எடுத்துச் சுண்ணாம்புச் சூளையில் எரித்திருக்கிறது.

கொறங்காட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம், தாராபுரம், வெள்ளக்கோவில் பக்கம் இப்படி நிலம் பார்த்திருப்பீர்கள். வெளியூர் ஆட்கள் வரைபடத்தில் இதைத் தரிசு என்று எழுதிவிடுவார்கள். காட்டாமணக்கு நட்டால் எண்ணெய் கொட்டும் என்று 2000களில் சொன்னபோது அந்தத் தரிசைத்தான் காட்டினார்கள். நட்டவர்களில் பலர் சில வருடத்தில் பிடுங்கிப் போட்டார்கள். தண்ணீர் விடாமல் காய்க்கவில்லை. தண்ணீர் விட்டால் அந்தத் தண்ணீருக்கு வேறு பயிர் நல்ல காசு தந்தது. கொறங்காடு மாட்டின் சோறு. அதைக் கணக்கில் தொடாதீர்கள்.

சாணியையும் கோழி எருவையும் மட்டும் வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். எரு வாங்கும் விவசாயி இருக்கிறார் என்பதற்காக இதைக் கழிக்க வேண்டியதில்லை. சாண எரிவாயுக் கலனில் போனபின் கரிமம் வாயுவாகப் போகும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து கழிவுக் கரைசலிலேயே நிற்கும். அது மஞ்சளுக்கும் தென்னைக்கும் போகலாம். ஒரே சாணியை இரண்டு முறை பயன்படுத்துகிறோம். விறகை எரித்தால் இந்த வசதி கிடையாது.

நான்காம் படி: மாதக் காலண்டர்

பன்னிரண்டு கட்டம் போட்டு எந்த மாதம் எது வரும் என்று நிரப்புங்கள். சாணியும் கோழி எச்சமும் எல்லா மாதமும் வரும். கரும்பும் குச்சிக்கிழங்கும் பருவத்தில்தான் வரும். மொரீஷியஸில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை வெட்டு. வெட்டு முடிந்ததும் அதே கொதிகலனில் பல வருடமாக நிலக்கரியைப் போட்டு எரித்தார்கள். சக்கைக்காகக் கட்டிய ஆலை பாதி வருடம் நிலக்கரி ஆலை. 2030க்குள் நிலக்கரியை விட்டுவிடுவதாக 2021இல் அறிவித்தபின், வெட்டு இல்லாத மாதங்களுக்கு என்ன எரிப்பது என்பதே அவர்களுடைய பெரிய தலைவலி. உங்கள் காலண்டரில் காலியாக இருக்கும் மாதத்தை இப்போதே சிவப்பு மையில் வட்டமிடுங்கள்.

ஐந்தாம் படி: எரிசக்தியாக மாற்றுங்கள்

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். 25 கிலோ புதுச் சாணிக்கு 1 கனமீட்டர் வாயு. 1 கனமீட்டர் வாயு ஏறக்குறைய 450 கிராம் சமையல் காஸுக்குச் சமம். என்ஜினில் ஓட்டினால் 1.5 யூனிட் மின்சாரம். ஒரு டன் கோழி எச்சத்துக்கு 60 கனமீட்டர் அளவில் வாயு. கரும்பின் எடையில் 28 முதல் 30 சதவீதம் சக்கை, அதிலும் பாதி ஈரம். புது உயர் அழுத்தக் கொதிகலன் இருந்தால், ஆலையின் தேவை போக ஒரு டன் கரும்புக்கு 100 யூனிட் அளவுக்கு வெளியே விற்கலாம். விறகை வாயுவாக மாற்றி என்ஜின் ஓட்டும் விறகு வாயுவாக்கியில் ஒரு யூனிட்டுக்கு 1.2 முதல் 1.5 கிலோ காய்ந்த விறகு. நீராவி முறையில் ஒரு மெகாவாட் ஆலைக்கு வருடத்துக்கு 8,000 முதல் 10,000 டன் வரை எரிபொருள் தேவை.

ஒரு ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். 600 உருப்படி கறவை. கூடைக்கு வருவது தலைக்கு 10 கிலோ, ஆக 6,000 கிலோ. 25ஆல் வகுத்தால் 240 கனமீட்டர். சமையலுக்கு என்றால் 108 கிலோ காஸ், அதாவது நாளைக்கு ஏழரை சிலிண்டர். சிலிண்டர் 850 ரூபாய் என்று வைத்தால் 6,375 ரூபாய். அதே வாயுவை மின்சாரமாக்கினால் 360 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் கிடைத்தாலும் 2,160 ரூபாய்தான். என்ஜின் செலவும் பராமரிப்பும் அதற்கு மேல்.

இந்த ஒரு கணக்கைக் கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டுங்கள். மின்சாரம் எடுக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தண்ணீர்க் கணக்கையும் மறக்காதீர்கள். சாணிக்குச் சம அளவு தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும். 40 கிலோ சாணி என்றால் 40 லிட்டர், தினமும். வெள்ளக்கோவில் பக்கம் சித்திரை வைகாசியில் அது சின்ன விஷயம் இல்லை. கட்டுத்தறி கழுவிய நீரையே வாய்க்கால் கட்டித் தொட்டிக்கு விடுவது நல்லது.

ஆறாம் படி: சூடு முதலில், மின்சாரம் கடைசியில்

திருப்பூர் சாய ஆலைகளின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கொதிகலனுக்கு விறகு, மட்டை, மக்காச்சோளக் கட்டை, கழிவை அழுத்திச் செய்த பிரிக்கெட் கட்டி என்று குவிந்து கிடக்கும். 2011இல் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னபின், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டிய நிலை வந்தது. உப்புத்தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்கவும் நீராவி வேண்டும். கொங்கு நாட்டின் உயிரி எரிசக்தி ஏற்கனவே பெரிய அளவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சூடாக ஓடுவதால் மெகாவாட் கணக்கில் தெரிவதில்லை.

டென்மார்க்கில் சாம்ஸோ என்ற தீவு, சுமார் 4,000 பேர். காற்றாலையில் மின்சாரம் எடுக்கிறார்கள். வைக்கோலை மின்சாரமாக்க முயலவில்லை. பொதுக் கொதிகலனில் எரித்து வெந்நீராகக் குழாயில் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நமக்கு வீட்டைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் சாயம், கொப்பரை உலர்த்தல், மஞ்சள் வேகவைத்தல், நெல் புழுக்குதல், சேகோ வறுத்தல் என்று சூடு கேட்கும் தொழில்கள் நம்மிடம் எத்தனை! உடுமலை, பல்லடம் காற்றும் வெயிலும் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஓடந்துறை ஊராட்சியின் கதை இதற்குச் சரியான சாட்சி. மேட்டுப்பாளையம் பக்கத்து அந்த ஊராட்சி, குடிநீர் மோட்டார் ஓட்ட 2003இல் 9 கிலோவாட் விறகு வாயுவாக்கி போட்டது. மரத்துண்டு விலை ஏறியதும் அது கட்டுப்படியாகவில்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2006இல் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். காற்றுக்கு யாரும் விலை ஏற்ற முடியவில்லை, கடன் அடைந்தது. விறகில் ஓடும் எதற்கும் முதல் கேள்வி இயந்திரத்தின் விலை அல்ல. ஐந்தாம் வருடம் விறகு என்ன விலை விற்கும் என்பதுதான்.

ஏழாம் படி: கொள்கையைப் படியுங்கள்

அரசாணை கையில் வந்தால் நான் தேடுவது இவை: யார் வாங்குவார், என்ன விலை, எத்தனை வருடம், பணம் எப்போது வரும், எரிபொருள் கொடுப்பவருக்கு அதில் பங்கு என்ன.

கடைசிக் கேள்வியில் மொரீஷியஸ் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறது. சக்கை ஆலைக்குள்தான் கிடைக்கிறது, அதனால் ஆலைக்குத்தான் சொந்தம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. கரும்பு விவசாயிக்குச் சக்கையின் மதிப்பில் பங்கு போக 1980களிலேயே ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். 1991இல் சக்கை மின்சாரத்துக்கென்றே தனித் திட்டம் வந்தது. 1994இல் தொழிலாளர்களும் விவசாயிகளும் ஆலைகளில் பங்குதாரர் ஆக ஓர் அறக்கட்டளையும் வந்தது. சின்ன விவசாயி கரும்பை விட்டுவிட்டால் ஆலையும் இல்லை, மின்சாரமும் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. சத்தியமங்கலத்திலோ மோகனூரிலோ கரும்பு வெட்டி லாரியில் ஏற்றும் விவசாயி சக்கை மின்சாரத்தில் தனக்கு என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி.

இலங்கை 2005இல் கிளைரிசிடியா என்ற மரத்தைத் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராக அறிவித்தது. நல்ல யோசனை: வேலியில் வளரும், தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும், குச்சி கொதிகலனுக்கு. ஆனால் இன்றும் அதன் மின்சாரம் மிகச் சிறிய பங்குதான். வேலி வேலியாக வெட்டிச் சேர்த்துக் கொண்டுவரும் கூலியை யார் கொடுப்பது என்பது அறிவிப்போடு தீரும் விஷயம் இல்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் டீசல் என்ஜினில் தேங்காய் எண்ணெய் கலந்து மின்சாரம் எடுத்தார்கள். டீசல் கப்பலில் வரும் தீவுக்கு அது பொருந்தும். காங்கேயத்தில் எண்ணெய் விற்கும் விலைக்கு அதை எரிப்பது பாவம்.

நம் பக்கம் தெரிந்திருக்க வேண்டியவை சில. மின்சாரச் சட்டம் 2003இன் 86ஆவது பிரிவு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் இணைமின் உற்பத்தியையும் (ஒரே எரிபொருளில் சூடும் மின்சாரமும் எடுப்பது) ஊக்குவிக்கும் கடமையை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தருகிறது; விலை ஆணைகள் அங்கிருந்து வரும். மத்திய அரசு 2018இல் தொடங்கிய ‘சதத்’ (SATAT) திட்டத்தில் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. 2025-26இல் நகர எரிவாயுவில் 1 சதவீதம் உயிரி எரிவாயு, 2028-29 முதல் 5 சதவீதம் என்று கலப்புக் கட்டாயமும் வந்திருக்கிறது. அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு உயிரித் துகள்கட்டிகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்பது விதி. நமக்குப் பக்கத்தில் மேட்டூர் இருக்கிறது. இந்தக் கட்டாயங்கள்தான் உங்கள் சரக்குக்கு நீண்டநாள் வாங்குபவரைத் தரும். மானியத்தை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். மானியம் ஒருமுறை வரும், வாங்குபவர் தினமும் வேண்டும்.

எட்டாம் படி: கட்டியபிறகு யார் வருவார்?

எங்கள் தோட்டத்தில் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. முதல் ஆறு மாதம் அடுப்பு நீலமாக எரிந்தது. அப்புறம் சுடர் துள்ள ஆரம்பித்தது. குழாயில் தண்ணீர் கட்டியிருக்கிறது, வடித்துவிடுங்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆள் போதும். ஆனால் கட்டிக்கொடுத்தவர் போனை எடுக்கவே இல்லை. மானியம் வந்த அன்றே அவருக்கு வேலை முடிந்துவிட்டது. கூரையில் மயிரிழை விரிசலும் விட்டபோது சோப்பு நுரை தடவி நாங்களே கண்டுபிடித்துப் பூசினோம். அம்மா அந்த இரண்டு மாதமும் மறுபடி விறகடுப்பில் கண் எரிய உட்கார்ந்தார். எனக்கு இன்றும் அது வருத்தம்.

நேபாளத்தில் 1992இல் தொடங்கிய சாண எரிவாயுத் திட்டம் இதைத்தான் சரி செய்தது. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிய நாடு அது. எல்லோரும் ஒரே தரப்படுத்திய வடிவத்தையே கட்ட வேண்டும். தரம் தேறிய கலனுக்குத்தான் மானியம், கட்டியபின் வந்து பார்க்க வேண்டிய பொறுப்பும் கட்டிய நிறுவனத்துக்கே. ஆய்வாளர்கள் திடீரென்று வீட்டுக்கு வந்து சோதிப்பார்கள், குறை இருந்தால் அபராதம். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கலன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. உங்கள் ஒன்றியத்தில் யாராவது கலன் கட்டித் தர வந்தால், பணத்தில் ஒரு பகுதியை ஒரு வருடம் நிறுத்தி வைக்கும் ஒப்பந்தம் போடுங்கள். ஊரில் இரண்டு கொத்தனாருக்காவது பயிற்சி கொடுக்க வையுங்கள்.

ஒன்பதாம் படி: ஒரே தாளில் எழுதிக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் ஆறு சபை. தாளின் இடதுபக்கம் என்ன கிடைக்கிறது, நடுவில் எவ்வளவு கழித்தீர்கள், ஏன், வலதுபக்கம் மிஞ்சியது. கீழே நான்காம் படியின் காலண்டர், சிவப்பு வட்டத்தோடு. வண்டி வாடகையையும் விறகு விலையையும் பென்சிலில் எழுதுங்கள். அடுத்த சபைக்குள் மாறியிருக்கும். சோளத்தட்டுக்கு நேரே இருக்கும் பூஜ்யத்தை மட்டும் பேனாவால் எழுதுங்கள். யாராவது எழுந்து அது தப்பு என்று சொன்னால், எந்தத் தோட்டத்துப் போரைப் பார்த்து எழுதினீர்கள் என்று அங்கேயே சொல்லுங்கள். அந்தப் பெரியவரும் வந்திருந்தால் மீதியை அவரே சொல்லிவிடுவார்.